லேசான பழைய செமி ஹாலோ கிட்டார் வாங்கப் போகிறவர்களுக்கு, காரைக்குடியிலிருந்து

திருவிழா மேடையில் கிட்டார் வாசித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், விரல் வலியைவிடத் தோள் வலியைத்தான் முதலில் சொல்வார்கள். எங்கள் பக்கம் லைட் மியூசிக் கச்சேரி ராத்திரி ஒன்பது ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் முடிய ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடும். நாலரைக் கிலோ சாலிட் பாடி (உள்ளே வெற்றிடம் இல்லாத) கிட்டாரை மாட்டிக்கொண்டு அத்தனை நேரம் நின்றவன் நான். அதனால் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பிள்ளைகள் வந்து, "அண்ணே, லேசா, பழசா, எஃப் ஓட்டை வச்ச கிட்டார் ஒண்ணு வாங்கணும்" என்று கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். நல்ல ஆசை. ஆனால் அதில் இரண்டு இடத்தில் ஏமாறலாம். ஒன்று 'பழசு', இன்னொன்று 'லேசு'.

நான் ஏமாந்தது லேசில். பல வருடம் முன்பு ஒரு சிவப்புக் கிட்டாரைக் கையில் எடுத்தேன். முறம் மாதிரி இருந்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன். ஐந்தாறு மாதத்தில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜுக்குக் கீழே மேல்பலகை உள்வாங்கத் தொடங்கியது, கம்பி ஃப்ரெட்டில் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில்) இடித்தது. உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தால் நடுக்கட்டையே இல்லை. பலகைக்கு முட்டுக் கொடுக்க வேண்டிய சட்டத்தையும் யாரோ கழற்றி எடுத்திருந்தார்கள்; பசைத் தடம் மட்டும் மிச்சம். அன்றிலிருந்து எந்தக் கிட்டாரைத் தூக்கினாலும் என் முதல் கேள்வி, "இது ஏன் இவ்வளவு லேசு?" என்பதுதான். அதற்குப் பதில் தெரியாமல் பணத்தை எடுப்பதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

முதலில், உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

வெளியே இருந்து பார்த்தால் செமி ஹாலோவும் முழு ஹாலோவும் அக்காள் தங்கை மாதிரி இருக்கும். இரண்டிலும் மெல்லிய பாடி, இரண்டு பக்கமும் எஃப் வடிவ ஓட்டை. வித்தியாசம் உள்ளே. செமி ஹாலோவில் நெக் சேரும் இடத்திலிருந்து அடிப்பக்கம் வரை நடுவில் ஒரு மரக்கட்டை ஓடும். இரண்டு சிறகு மட்டும் வெற்றிடம். கிப்ஸன் கம்பெனி அமெரிக்காவில் கலமாசூவில் இருந்த தொழிற்சாலையில் 1958இல் கொண்டுவந்த ஈ.எஸ். 335தான் இந்த அமைப்புக்கு மூலம். முழு ஹாலோ கிட்டாரை ஆம்ப்ளிஃபயர் முன்னால் சத்தமாக வைத்தால் 'ஊஊ' என்று ஊளையிடும். நடுக்கட்டை அதை அடக்குகிறது. ஸ்வரமும் நீண்டு நிற்கிறது. மேல்பலகையின் இனிமையும் கொஞ்சம் தங்குகிறது.

அதற்கு அடுத்த வருடமே நடுக்கட்டை இல்லாத ஈ.எஸ். 330 வந்தது. 1961இல் அதே குடும்பத்தில் எபிஃபோன் கேசினோ. பீட்டில்ஸ் வாசித்தது இந்தக் கேசினோதான். 1968இல் லெனனும் ஹாரிசனும் தங்கள் கேசினோக்களின் வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். மரம் மூச்சுவிட்டால் நாதம் கூடும் என்பது அவர்கள் எண்ணம். (தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள். பழைய வார்னிஷ் போனால் விலையில் பெரும்பகுதி போய்விடும்.) கேசினோ அருமையான வாத்தியம், ஆனால் அது செமி ஹாலோ இல்லை. நம் ஊர் மேடையில் மானிட்டர் ஸ்பீக்கர் முழங்காலுக்கு நேரே இருக்கும். அங்கே முழு ஹாலோவைக் கட்டுப்படுத்தப் பழக்கம் வேண்டும்.

சோதிக்கச் சுலபமான வழி சொல்கிறேன். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கு எடுத்துக்கொள்ளுங்கள், கூர் முனையை ஒடித்துவிடுங்கள். ஒரு எஃப் ஓட்டை வழியாக உள்ளே விட்டு, மறுபக்க ஓட்டையை நோக்கிப் படுக்கைவாக்கில் மெல்லத் தள்ளுங்கள். செமி ஹாலோ என்றால் ஒன்றிரண்டு அங்குலத்தில் கட்டையில் முட்டி நிற்கும். முழு ஹாலோ என்றால் மறுபக்க ஓட்டைக்குக் கீழே ஈர்க்கின் முனை தெரியும். பிறகு மொபைல் டார்ச்சை ஒரு ஓட்டையில் வைத்து மற்றொன்றில் கண்ணை வையுங்கள். கட்டை இருந்தால் வெளிச்சம் நேராக வராது. சில கிட்டார்களில் பிரிட்ஜுக்கு அடியில் மட்டும் குட்டையாக ஒரு கட்டை இருக்கும். அதுவும் நல்ல அமைப்புதான், எடையும் குறையும்.

இன்னும் இரண்டு வகையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரிக்கன்பேக்கர் 330இல் தனியாகக் கட்டை வைப்பதில்லை, ஒரே மேப்பிள் மரத்தைப் பின்னாலிருந்து குடைகிறார்கள். ஃபெண்டரின் டெலிகாஸ்டர் தின்லைன் 1968இல் வந்ததற்குக் காரணமே எடைதான். அவர்களுக்குக் கிடைத்த ஆஷ் மரம் கனமாகிக்கொண்டே போனதால் உள்ளே குடைந்து லேசாக்கினார்கள்.

பிறகு தராசு

விற்பவர் "ரொம்ப லேசு தம்பி" என்று சொல்வதற்கு அளவு கிடையாது. பயணப் பெட்டிக்கு எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஸ்ட்ராப் மாட்டி அதில் தொங்கவிட்டுப் பாருங்கள். லெஸ் பால் மாதிரி சாலிட் பாடி சாதாரணமாக 4 முதல் 4.5 கிலோ. ஈ.எஸ். 335 வகை பெரும்பாலும் 3.4 முதல் 3.9 கிலோவுக்குள். நடுக்கட்டை இல்லாத 330, கேசினோ வகை 2.6 முதல் 3 கிலோ. ஆகவே செமி ஹாலோ என்று சொல்லி விற்பது 3.5 கிலோவுக்குள் இருந்தால் அதை லேசு என்று எடுத்துக்கொள்ளலாம். 3 கிலோவுக்கும் கீழே போனால் மறுபடி ஈர்க்கை எடுங்கள்.

பிக்ஸ்பி என்ற உலுக்குக் கைப்பிடி இருந்தால் அது மட்டுமே அரைக் கிலோ அளவுக்கு வரும். அதைக் கழித்துக் கணக்குப் போடுங்கள்.

எடையைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் பார்ப்பதில்லை. ஸ்ட்ராப்பை மாட்டிக்கொண்டு எழுந்து நில்லுங்கள். இரண்டு கையையும் எடுத்துவிடுங்கள். தலைப்பக்கம் மெல்லக் கீழே சாய்ந்தால் அந்தக் கிட்டார் உங்கள் இடது கைக்குப் பாரமாக இருக்கும். கச்சேரி முழுக்க நெக்கைத் தாங்கிக்கொண்டே வாசிக்க நேரும். பாடி லேசாகி, தலையில் பிற்காலத்துக் கனமான ட்யூனிங் கீ மாட்டியிருந்தால் இப்படி ஆகும். பழைய அளவிலேயே லேசான கீ மாற்றினால் ஓரளவு சரியாகும். மென்தோல் ஸ்ட்ராப்பும் உதவும், நைலான் வழுக்கும்.

உட்கார்ந்தும் பாருங்கள். 335 வகைப் பாடியின் அகலம் 16 அங்குலம். மெலிந்த பிள்ளைகளுக்கு வலது கை அதைச் சுற்றி வர வசதியாக இருக்கிறதா என்பது வாசித்தால்தான் தெரியும்.

வயது: பர்மாக் கதையும் எண்களும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பீங்கான், எனாமல் தூக்கு, ரவிவர்மா படம், நிலைக்கதவு இவற்றுக்கு நடுவில் எப்போதாவது ஒரு கிட்டாரும் சாய்ந்திருக்கும். பெரிய வீடுகளைப் பிரிக்கும்போது வருகிற சாமான். "பர்மாவிலேர்ந்து வந்தது, 1940லே வாங்கினது" என்று சொன்னால், பொய் என்று சண்டைக்குப் போக வேண்டாம். அவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் 1958க்கு முன்னால் 335 மாதிரி செமி ஹாலோ இல்லை. நம்மவர்கள் பர்மாவிலிருந்து நடந்தும் கப்பலிலும் திரும்பியது 1942ஐ ஒட்டி. அந்தப் பெட்டியில் வந்த கிட்டாராக இருந்தால் அது பெரும்பாலும் அகூஸ்டிக். பிக்கப் (கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றும் பாகம்) இருந்தால் அது பிற்பாடு ஒட்டியதாக இருக்கும். மலேயா, சிங்கப்பூர்ப் பக்கம் இருந்து வந்தது என்றால் கவனமாகக் கேளுங்கள். 1960களில் அங்கே 'பாப் யே யே' இசைக்குழுக்கள் எலெக்ட்ரிக் கிட்டாரோடு ஓகோவென்று இருந்த காலம். அப்போது வாங்கிய டெய்ஸ்கோ, கயாடோன் போன்ற ஜப்பானியக் கிட்டார் ஒன்று பட்டாலையில் தூங்கிக்கொண்டிருக்க நியாயம் உண்டு.

தலையில் உள்ள பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். கிப்ஸன் வேறு, கிவ்சன் வேறு. கிவ்சன் கல்கத்தாத் தயாரிப்பு. அதில் கற்றுக்கொண்டவர்கள் ஏராளம், எனக்கும் அதன்மேல் மரியாதை உண்டு. விலை மட்டும் வேறு கணக்கு.

சீரியல் எண்ணை மட்டும் நம்பி வருடம் சொல்ல முடியாது. கிப்ஸனில் 1961 முதல் 75 வரை ஒரே எண் பல வருடங்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. 1977க்குப் பின் எட்டு இலக்கம். முதல் இலக்கமும் ஐந்தாவது இலக்கமும் சேர்ந்தால் வருடம். 1975க்குப் பிந்தைய ஜப்பானிய ஐபனெஸில் முதலில் ஒரு ஆங்கில எழுத்து, அது மாதம். அடுத்த இரண்டு இலக்கம் வருடம். 'எஃப்'பில் தொடங்கி 81 என்று போனால் 1981 ஜூன். அமெரிக்கக் கிட்டாரில் இன்னொரு சாட்சி, வால்யூம் திருகுக்கு அடியில் இருக்கும் 'பாட்' என்ற பாகத்தின் முதுகில் பொறித்த எண். 137 6512 என்று இருந்தால் 137 தயாரிப்பாளர், 65 வருடம், 12 வாரம். அந்தப் பாட் செய்த பிறகுதான் கிட்டார் செய்திருக்க முடியும். பல் டாக்டர் வைத்திருக்கும் மாதிரி சின்னக் கண்ணாடியை எஃப் ஓட்டைக்குள் விட்டுப் படிக்கலாம்.

இன்னொரு அடையாளம்: 335இல் 1964 கடைசி வரை கம்பியின் அடிமுனை மேல்பலகையில் பதித்த உலோகக் கட்டையில் நிற்கும். 1965இலிருந்து அடிப்பக்கத்தில் தொங்கும் ட்ரபீஸ் வால். அதே வருடம் நெக்கின் மேல்முனை அகலமும் 43 மி.மீட்டரிலிருந்து 40க்குச் சுருங்கியது. விரல் பருமனான எனக்கு அந்த 3 மி.மீ. பெரிய இடைஞ்சல், சின்னக் கைக்காரர்களுக்கு அதுவே வசதி. குறுகிய நெக் என்பதால் அந்த வருடங்களின் விலையும் சற்று இறங்கியிருக்கும்.

முதல்முறை வாங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு ஜப்பான். 1970களின் கடைசி, 80களின் தொடக்கத்தில் மட்சுமோட்டோ நகரத்துத் தொழிற்சாலைகளில் செய்தவை. அங்கே மட்சுமோகு 1987இல் மூடப்படும் வரை எபிஃபோன், ஏரியா புரோ பெயர்களில் செய்து கொடுத்தது. ஃபுஜிகென் செய்த ஐபனெஸ் ஏ.எஸ். 200ஐத்தான் ஜாஸ் கிட்டாரிஸ்ட் ஜான் ஸ்கோஃபீல்ட் நாற்பது வருடமாக வைத்திருக்கிறார். வேலைப்பாடு அப்படி. ஆனால் இவற்றில் சில நாலு கிலோவைத் தொடும், தராசை மறக்காதீர்கள்.

நெக்கைப் பார்க்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள்

பழைய வீணை வாங்குகிறவர் குடத்தைத் தட்டிப் பார்ப்பார், தண்டியை நீளவாக்கில் கண்ணருகில் வைத்துப் பார்ப்பார். காரைக்குடி வீணைக்குப் பேர்போன ஊர். இதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கிட்டாருக்கும் அதேதான். பாடியின் அடிப்பக்கத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து நெக்கின் விளிம்பைப் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். முறுக்கு சரியாவது அபூர்வம்.

வளைவுக்குத் தனிச் சோதனை. தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் பாடியோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் அழுத்துங்கள். இப்போது கம்பிதான் உங்கள் ஸ்கேல். ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே விசிட்டிங் கார்டு நுழைந்தும் நுழையாமலும் இருந்தால் நல்லது. தாராளமாகப் போனால் வளைவு அதிகம். வளைவு சரிசெய்ய ட்ரஸ் ராட் (நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பி) இருக்கிறது. விற்பவரிடம் அனுமதி கேட்டு, கால் சுற்று தளர்த்திப் பாருங்கள், தளர்ந்தபின் கால் சுற்று திருப்புங்கள். அசையவே இல்லை என்றாலோ, பிடிமானமே இல்லாமல் சுற்றினாலோ உள்ளே கம்பி போய்விட்டது.

தலை சேரும் இடத்தின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பின்னால் சாய்ந்த தலை கொண்ட மகாகனி நெக் கீழே விழுந்தால் உடைவது அங்கேதான். வார்னிஷில் நூல் மாதிரி ஒரு கோடு தெரிந்தால் நகத்தை ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் மரமே பிளந்திருக்கலாம். தடுக்காமல் வலை மாதிரி நுண்கோடுகள் பரவியிருந்தால் அது வார்னிஷின் வயது, பயமில்லை. ஒழுங்காக ஒட்டிய உடைப்பு வாசிப்பைப் பாதிக்காது, ஆனால் விலை பாதிக்குப் பாதி குறைவது வழக்கம். வாசிக்க மட்டும் வாங்குகிறவருக்கு அது அதிர்ஷ்டம்கூட.

கடைசியாக, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பியின் உயரம் 2 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 1.5 மி.மீ. அளவுக்கு இறங்குகிறதா? பிரிட்ஜைக் கடைசி வரை இறக்கியும் கம்பி உயர்ந்தே நின்றால் நெக் சாய்ந்துவிட்டது. ஒட்டிய நெக்கைக் கழற்றி மறுபடி பூட்டும் வேலை நம் பக்கம் செய்பவர்கள் மிகக் குறைவு. சென்னைக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோக வேண்டும்.

மரம், உளு, ஒரு பிடி அரிசி

"பர்மாத் தேக்கு தம்பி" என்று ஒரு கடைக்காரர் என்னிடம் பாசமாகச் சொன்ன கிட்டார் உண்மையில் மேப்பிள் ப்ளைவுட். ப்ளைவுட் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். 335 முதல் நாளிலிருந்தே அடுக்கு மேப்பிள் பலகையில்தான் செய்யப்பட்டது. உறுதியும் வரும், ஊளையும் குறையும். பார்க்க வேண்டியது அடுக்கு பிரிந்திருக்கிறதா என்பது. விரல் கணுவால் மேலே, பின்னே, ஓரங்களில் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் 'சள்' என்று கேட்டால் அங்கே பசை விட்டிருக்கிறது. பிரிட்ஜுக்குக் குறுக்கே ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்து மேல்பலகை குழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். என் சிவப்புக் கிட்டாரை இப்படி ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும்.

பூட்டிக் கிடந்த வீட்டுச் சாமானுக்கு உளு பிடிப்பது சகஜம். குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும், கிட்டாரை வைத்த இடத்தில் மாவு மாதிரித் தூளும் இருந்தால் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், மற்ற மரச்சாமானுக்கும் பரவும்.

உள்ளே சேர்ந்த ஒட்டடையை எடுக்க ஒரு கை வைத்தியம். ஒரு பிடி காய்ந்த பச்சரிசியை எஃப் ஓட்டை வழியாகப் போட்டு, கிட்டாரை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து ஆட்டி, கவிழ்த்துக் கொட்டுங்கள். அரிசியோடு தூசி உருண்டை உருண்டையாக வரும். ஒரு முறை எனக்கு அதோடு பழைய பிக் ஒன்றும், வயரைக் கட்டியிருந்த சின்ன நூல்துண்டும் வந்தன. ஒரு மணி அரிசிகூட உள்ளே தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பூச்சி வரும்.

கரண்ட் விஷயம்

வாங்குவதற்கு முன் ஆம்ப்ளிஃபயரில் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். சின்ன ஆம்ப் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஆனால் பழைய வீட்டில் சோதிக்கும்போது எச்சரிக்கை. பல பிளக்குகளில் எர்த் இருக்காது. எர்த் இல்லாத இடத்தில் இரைச்சல் வரும், மோசமான ஆம்ப் என்றால் கம்பியைத் தொட்டால் ஷாக்கே அடிக்கும். எலெக்ட்ரீஷியன் சோதித்த மூன்று முள் பிளக்கிலோ, பேட்டரியில் ஓடும் ஆம்ப்பிலோ பாருங்கள். கிட்டாரோடு ஜப்பானிய ஆம்ப்பும் சேர்த்துக் கொடுத்தால் அதை நம் 230 வோல்ட்டில் போட்டுவிடாதீர்கள். அது 100 வோல்ட்டுக்குச் செய்தது.

எல்லாத் திருகையும் திருப்புங்கள், சுவிட்சைத் தட்டுங்கள், ஒயரை ஆட்டுங்கள். கரகரப்பு மட்டும் என்றால் க்ளீனர் தெளித்தால் போகும். சத்தமே நின்று நின்று வந்தால் உள்வேலை. செமி ஹாலோவில் அந்த வேலை சிரமம். பெரும்பாலானவற்றில் பின்மூடி கிடையாது. ஒவ்வொரு பாட்டின் தண்டிலும் நூல் கட்டி, எஃப் ஓட்டை வழியாக மொத்த வயரிங்கையும் வெளியே இழுத்து, பற்றவைத்து, மறுபடி நூலைப் பிடித்து அதே ஓட்டைக்கு இழுத்து உட்கார வைக்க வேண்டும். நல்ல கைக்காரருக்கே அரை நாள் ஆகும். கூலியை விலையில் பேசுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் ஜாக்கில் வைத்து, வால்யூமை முழுக்கத் திறந்து, ஒவ்வொரு பிக்கப்பாக அளந்து பாருங்கள். பழைய ஹம்பக்கர், பி-90 என்ற இரண்டு பிக்கப் வகையுமே பெரும்பாலும் 7 முதல் 9 கிலோ ஓமுக்குள் காட்டும். அதைவிட மிக அதிகமாகக் காட்டினாலோ, ஒன்றுமே காட்டாவிட்டாலோ உள்ளே சுருள் அறுந்திருக்கலாம்.

விலை பேசுவது

விலையோடு மூன்று செலவைக் கூட்டிப் பாருங்கள்: ஃப்ரெட் வேலை, வயரிங், பெட்டி. 1958 முதல் 64 வரையிலான உண்மையான 335 பல லட்சம் போகும். முதல் கிட்டாராக அதைத் தேட வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவும் கஸ்டம்ஸ் வரியும் சேரும். ஃப்ரெட்போர்டு பிரேசில் ரோஸ்வுட் என்றால் கூடுதல் சிக்கல். அந்த மரம் 1992 முதல் சர்வதேசத் தடைப் பட்டியலில் இருக்கிறது, உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டாது.

வீட்டுக்காரர்களிடம் நேரடியாக வாங்கும்போது ஒன்றைச் சொல்கிறேன். கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஆச்சி, மகன் வாசித்த கிட்டாரை எனக்குக் காட்டினார். அதன் மதிப்பு அவருக்குத் தெரியவில்லை. "நீங்களே ஒரு விலை சொல்லுங்க தம்பி" என்றார். "ஆச்சி, இது நீங்க நினைக்கிறதவிட அதிகம் போகும், நானே வாங்கினாலும் இவ்வளவு தரணும்" என்று உள்ளதைச் சொன்னேன். வாங்கவும் செய்தேன். என்னிடம் இன்றும் இருப்பது அதுதான், 3.3 கிலோ. தெரிந்த விலையை மறைத்து வாங்கிய கிட்டாரை நிம்மதியாக வாசிக்க முடியாது. ஒரு தாளில் சீரியல் எண், தொகை, தேதி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

ரயிலில் வந்தால் கிட்டாரை உங்கள் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், கம்பியை ஒரு ஸ்வரம் அளவுக்குத் தளர்த்தியிருங்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டு ஒரு காபிகூடக் குடிக்கப் போகாதீர்கள். பழைய பசை இளகிவிடும்.

முதல் வேலையாகப் பழைய கம்பியை மாற்றுவீர்கள். மொத்தமாக அவிழ்க்காமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். சில மாடல்களில் பிரிட்ஜ் பலகையில் பதித்திருக்காது, கம்பியின் அழுத்தத்தில் மட்டும் நிற்கும். எல்லாவற்றையும் கழற்றினால் இடம் மாறிச் சுருதி போய்விடும். மாற்றுவதற்கு முன் பிரிட்ஜின் இடத்தைப் பென்சில் தொடாமல், காகித டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள். கம்பி செட்டின் கனம் 10-46 (மெல்லியதும் தடித்ததும், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போதும்.

எங்கே வைப்பது என்று கேட்பார்கள். மேற்குப் பார்த்த வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், சித்திரை வைகாசியில் அந்தச் சுவர் சாயந்திரம் வரை கொதிக்கும். பழைய வீடு என்றால் வளவை ஒட்டிய உள்ளறைதான் இடம். கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடித் தரை எல்லாம் சேர்ந்து அங்கே சூடு ஏறாது. ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருப்பது கிட்டாருக்கு நல்லது. சின்ன மீட்டர் ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். ஸ்டாண்டில் வைத்தால் ரப்பர் படும் இடத்தில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிவிடுங்கள். பழைய நைட்ரோ வார்னிஷோடு ரப்பர் ஒட்டி, கறுத்த தழும்பு விழுந்துவிடும். அந்தத் தழும்பு போகாது.